படத்தின் கீழ் எழுதாத வரி

மார்கழி மாதத்து யாழ்ப்பாண வானத்தை நம்பி எவரும் முற்றத்தில் மிளகாய் காயப்போடுவதில்லை. காலையில் நல்ல வெயில் எறிக்கும். பாயை விரித்து முடிப்பதற்குள் வடகிழக்கு மூலை கறுத்துவிடும். வாடைக் காற்று ஒருமுறை வீசும். ஒரு பாட்டம் மழை கொட்டும். பிறகு, ஒன்றுமே நடவாததுபோலச் சூரியன் எட்டிப் பார்க்கும். இப்படி நிலையில்லாத ஒரு பருவத்திலே வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்கப் புறப்பட்ட ஒருவனின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அந்த ஒருவன் வேறு யாருமல்லன், நான்தான்.

வண்ணத்துப்பூச்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஆயிரம் கவலை இருக்க, இது என்ன வீண் பொழுதுபோக்கு என்றும் நினைக்கலாம். சற்றுப் பொறுத்திருங்கள். நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: எவரும் கண்டுபிடிக்க முடியாத, எவருக்கும் நட்டம் விளைவிக்காத ஒரு பொய், உண்மையில் பொய்தானா?

பெரிய விடயங்களில் இக்கேள்விக்கு நாம் எல்லோரும் சரியான விடையையே சொல்லிவிடுவோம். மேடையிலும் சொல்வோம், பிள்ளைகளுக்கும் சொல்வோம். சிறிய விடயங்களிலேதான் நம்முடைய மெய்யான விடை வெளிப்படுகின்றது. வண்ணத்துப்பூச்சியிலும் சிறிய விடயம் வேறென்ன இருக்கிறது?

சூரியனிடம் வாங்கும் கடன்

முதலில் இந்தச் சின்ன உயிரைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். நம்மைப்போல உடற்சூட்டை எந்நேரமும் ஒரே அளவில் வைத்திருக்க வண்ணத்துப்பூச்சியால் இயலாது. அது பறக்கவேண்டுமானால் அதன் நெஞ்சுப் பகுதியிலுள்ள தசைகள் சுமார் 30 பாகை செல்சியஸ் வரை சூடேறவேண்டும். மாரிகாலக் காற்றில் அந்தச் சூடு இல்லை. ஆகவே அது சூரியனிடம் கடன் வாங்குகிறது. வெயில் படும் இடமாகப் பார்த்து அமர்ந்து, இரண்டு செட்டைகளையும் அகல விரித்து, உடலைச் சூடாக்கிக்கொள்கிறது. மேகம் மூடியதும் செட்டைகளை மடித்து, இலையின் கீழ்ப்புறம் ஒதுங்கித் தொங்கிவிடுகிறது. அப்போது அது கருகிய ஓர் இலைபோலத் தோன்றும். பக்கத்தில் நின்றாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

படம் எடுப்பவனுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மேகமே இல்லாத உச்சி வெயிலில் வண்ணத்துப்பூச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை. உடல் ஏற்கனவே சூடேறியிருப்பதால் ஓயாமல் பறக்கும். சூடு மிஞ்சினால் செட்டையை மடித்து நிழலுக்குப் போய்விடும். நாள் முழுவதும் மூடிக் கிடந்தாலோ அது வெளியே வராது. மழை விட்டு, மேகம் விலகி, மெல்லிய வெயில் விழுகின்ற அந்தச் சில நிமிடங்களிலேதான் அது செட்டைகளை முழுதாக விரித்து அசையாமல் இருக்கும். கடும் நிழல் விழாத மென்மையான ஒளியும் அப்போதுதான் கிடைக்கும். நாம் திட்டித் தீர்க்கின்ற குழம்பிய வானம், படம் எடுப்பவனுக்கு ஒரு கொடையாகும். ஆனால் அந்தக் கொடை எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

இதற்காக வன்னிக் காட்டுக்கோ மலைநாட்டுக்கோ போகவேண்டியதில்லை. உங்கள் வளவிலேயே பாருங்கள். எருக்கலையில் முட்டையிட வருகிற செம்மஞ்சள் பூச்சி ஒன்று. தேசிமர இலையைத் தின்று வளர்கிற பூச்சி ஒன்று. கறிவேப்பிலையில் வளர்கிற கறுப்புப் பூச்சி ஒன்று. அலரி இலையின் கீழே வெள்ளியில் வார்த்ததுபோல மின்னும் கூடு ஒன்று. ஈரநிலத்தில் பொடுதலையும் நீர்முள்ளியும் இருக்குமானால் இன்னொன்றும் வரும். செம்மஞ்சள் நிறம், ஒவ்வொரு செட்டையிலும் மயிற்பீலிக் கண்போன்ற வட்டம். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பீக்கொக் பான்சி’ என்று பெயர். செட்டையை விரித்தால் அது மயில். மடித்தால் வெறும் சருகு. என் கதை அந்தப் பூச்சியைப் பற்றியதுதான்.

2003 ஆம் ஆண்டு மார்கழி

அப்போது நான் ஆசிரியனாக இருந்தேன். பிலிம் சுருள் போடுகிற ஒரு கமெராவும், கிட்ட இருந்து எடுப்பதற்கான ஒரு வில்லையும் என்னிடம் இருந்தன. ஊரில் ஒரு மன்றத்தார் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கோ மயிற்கண் பூச்சியை விரித்த செட்டையோடு எடுக்கவேண்டும் என்ற ஆசை.

நான்கு நாட்கள் தொடர்ந்து முயன்றேன். வெயில் வரும், கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், என் நிழல் பட்டதும் பூச்சி பறந்துவிடும். அல்லது, நான் போய்ச் சேருவதற்குள் மழை தூறத் தொடங்கிவிடும். 36 படங்கள் கொண்ட சுருளில் 20 படங்கள் வீணாயின. ஐந்தாம் நாள் மாலை, கிணற்றடி வாய்க்கால் ஓரம், ஒரு செடியின் கீழே அந்தப் பூச்சி குளிரில் விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கையால் எடுத்தேன். அது பறக்க முயலவில்லை, முயன்றிருந்தாலும் முடிந்திராது.

குசினியில் கிடந்த வெற்றுப் போத்தல் ஒன்றில் அதை இட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். இப்படிச் செய்தால் பூச்சி மரத்துப்போய் நாம் வைத்த இடத்தில் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். மறுநாள் காலை பத்து நிமிடம் வெயில் வந்தது. முற்றத்தில் பூத்திருந்த செவ்வரத்தம்பூவில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். சிவப்புப் பூவில் செம்மஞ்சள் எடுப்பாக இருக்கும் அல்லவா? அந்தப் பூச்சி வழக்கமாக நாடுவது தரையோரத்துச் சின்னப் பூக்களைத்தான் என்பதை நான் அறிந்திருந்தேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியப்போவதில்லை.

வெயில் பட்டதும் பூச்சிக்கு மெல்ல உணர்வு வந்தது. சூடு தேடி, செட்டைகளை அகல விரித்தது. எட்டுப் படங்கள் எடுத்தேன். மீண்டும் தூறல் தொடங்கியது. கமெரா நனைந்துவிடும் என்று விறாந்தைக்கு ஓடி வந்தேன்.

படம் முதற் பரிசு பெற்றது. “இந்த மழைக்குள்ளை எவ்வளவு பொறுமையாக் காத்திருந்து எடுத்திருக்கிறார், பாருங்கோ” என்று ஒருவர் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசாமல் நின்றேன், அவ்வளவுதான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன் விறாந்தையில் கொழுவினேன். இருபது வருடங்களுக்கு மேலாக அது அங்கே தொங்கியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போன நாட்களிலும் இது என் நினைவுக்கு வந்ததில்லை. இதைப் போய் யார் பாவமென்று எண்ணுவார்?

பேத்தியின் கேள்வி

சென்ற மார்கழியில் என் மகளும் பன்னிரண்டு வயதுப் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பேத்தியின் கையில் தாயின் கைத்தொலைபேசி. காண்பதையெல்லாம் படம் எடுப்பாள். ஒருநாள் விறாந்தையில் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்:

“அம்மப்பா, இதை எப்பிடி எடுத்தனீங்கள்?”

“மாரிகாலத்திலை எடுத்தது, பிள்ளை.”

“மழைக்குள்ளை செட்டையை விரிக்காது எண்டெல்லோ சொன்னனீங்கள்? பிறகெப்பிடி?”

நான் சற்றும் யோசிக்கவில்லை. “காத்திருந்தனான்” என்றேன்.

வாசகர்களே, ஒரு பொய் இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு, பேச வேண்டி வந்த அந்த நிமிடத்திலே எவ்வளவு இலகுவாக இரண்டாவது பொய்யைப் பெற்றெடுத்தது என்பதைப் பாருங்கள்.

பிள்ளை என் சொல்லை நம்பினாள். மறுநாள் காலையிலிருந்து கிணற்றடியில், பொடுதலை படர்ந்திருந்த இடத்தில், ஒரு பலகைக் கட்டையைப் போட்டுக் குந்தியிருந்தாள். மழை வந்தால் குடை. மழை விட்டால் கைத்தொலைபேசி. “தடிமன் பிடிக்கப்போகுது, உள்ளுக்கு வா” என்று தாய் ஏசினாள். “அம்மப்பாவும் இப்பிடித்தான் இருந்தவர்” என்று மறுமொழி வந்தது. விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. நான் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பகல், மழை விட்டு ஐந்து நிமிடம் வெயில் வந்தது. மயிற்கண் பூச்சி ஒன்று வாய்க்கால் கட்டில் வந்து இருந்து செட்டையை விரித்தது. பிள்ளை முழங்காலில் தவழ்ந்துபோய், தன் நிழல் அதன்மேல் விழாமல், ஒரு படம் எடுத்தாள். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. ஓடிவந்து எனக்குக் காட்டினாள்.

படத்தில் பூச்சியின் பின்செட்டையில் ஒரு துண்டு இல்லை. ஏதோ பறவையோ ஓணானோ கடித்திருக்கவேண்டும். செட்டையின் ஓரத்தில் ஒரு நீர்த்துளி. பின்னால் சேறும் ஒரு பழைய வாளியின் விளிம்பும் தெரிந்தன. படம் சற்று மங்கல்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்:

“உங்கடை மாதிரி வரேல்லை, அம்மப்பா. இதை அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுக்கப்போறன்.”

அவளுடைய விரல் அழிக்கும் குறிக்குக் கிட்டப் போய்விட்டது.

யாருக்கு நட்டம்?

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அந்தக் கணத்தில்தான் கிடைத்தது. அதைச் சொல்லுமுன், என் பக்கத்து நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவை முற்றிலும் வெறும் சாட்டுகள் அல்ல.

முதலாவது நியாயம்: பூச்சிக்கு என்ன கெடுதி? இரவில் குளிர்வது அதற்குப் பழக்கமானது. ஆய்வு செய்கிற அறிவியலாளர்களும் பூச்சிகளைக் குளிரவைத்துக் கையாளுவதுண்டு. இது உண்மைதான். ஆனால் அறிவியலாளர் எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம் என்று அளந்து செய்கிறார். நான் எதையும் அளக்கவில்லை. மேலும், வண்ணத்துப்பூச்சியின் செட்டையிலுள்ள நிறமெல்லாம் நுண்ணிய செதில்களின் நிறம். கையால் பிடித்தால் விரலில் தூளாக ஒட்டுவது அதுதான். உதிர்ந்த செதில் மீண்டும் முளைப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகள் பல இரண்டொரு வாரங்களே பறந்து வாழ்கின்றன. 14 நாள் வாழும் உயிருக்கு ஒரு நாள் என்பது, 70 ஆண்டு வாழும் மனிதனுக்கு 5 ஆண்டுகளுக்குச் சமம். அவ்வளவைத் திருட எனக்கு உரிமை தந்தவர் யார்? வலையால் பிடித்துக் கொன்று ஊசியில் குத்தி வைப்பதற்குப் பதிலாக, உயிரைத் தொடாமல் அழகை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே கமெராவின் பெருமை? அந்தப் பெருமையை நான் போத்தலுக்குள் அடைத்துவிட்டேன்.

இரண்டாவது நியாயம்: எல்லாப் படமும் ஓர் ஏற்பாடுதானே? எந்தப் பக்கம் நிற்பது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்காமல் படம் எடுக்க முடியுமா? முடியாது. எருக்கலைச் செடியை நட்டுப் பூச்சியை வரவழைத்துப் படம் எடுப்பதில் தவறில்லை. மாரியா சிபில்லா மேரியன் என்ற அம்மையார் 1699 இல் தம் இளைய மகளோடு தென்னமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குக் கப்பலேறிச் சென்று, புழுவையும் கூட்டையும் பூச்சியையும் அவை வாழும் செடிகளோடு பார்த்து வரைந்தார். 1705 இல் நூலாக வெளியிட்டார். புழுவும் கூடும் பூச்சியும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் இருப்பதாக அவர் வரைந்தவை உண்டு. அது பொய்யா? இல்லை. அது ஓவியம், விளக்கத்துக்காகச் சேர்த்து வரைந்தது என்பதைப் பார்ப்பவர் அறிவார். கொழும்பில் 1877 ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் தேசிய நூதனசாலைக்குப் போய்ப் பாருங்கள். நூதனசாலைகளில் ஊசியில் குத்திய பூச்சி உயிருள்ளதாக நடிப்பதில்லை. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று எழுதிவைப்பது அங்குள்ளவர்களின் முறை. இறந்த பூச்சிகூட அங்கே உண்மை பேசுகிறது. என் சுவரில் தொங்கிய உயிருள்ள பூச்சியோ பொய் பேசியது. ஏன்? புகைப்படம் என்பது சாட்சி. “இது நடந்தது, நான் கண்டேன்” என்று அது சொல்கிறது. நான் காணாததைக் கண்டதாகச் சொல்லவைத்தேன்.

மூன்றாவது நியாயம்தான் வலிமையானது: சரி, பொய்தான், ஆனால் யாருக்கு நட்டம்?

1958 இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் ‘வைட் வில்டர்னஸ்’ என்ற இயற்கைப் படமொன்றை வெளியிட்டது. வடதுருவத்து லெமிங் என்னும் எலி போன்ற சிறு விலங்குகள் கூட்டங்கூட்டமாகப் பாறையிலிருந்து நீரில் விழுந்து மாள்வதாக அதில் ஒரு காட்சி. சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. 1982 இல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சியொன்று உண்மையை வெளிப்படுத்தியது. அந்த விலங்குகள் இயற்கையாக வாழாத அல்பேர்ட்டா மாகாணத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து, மனிதரே அவற்றை விழச்செய்து எடுத்த காட்சி அது. லெமிங் தற்கொலை செய்யும் என்ற கட்டுக்கதை அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் கண்ணால் கண்ட சாட்சி கிடைத்த பிறகு அதை யார் அசைப்பார்? இன்றும் உலகில் எத்தனையோ பேர் அதை நம்புகிறார்கள்.

இன்னொன்று. 2009 ஆம் ஆண்டுக்கான, உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி ஒன்றில், படலையைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதற் பரிசு பெற்றது. அது மனிதர் பழக்கிய விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 இல் பரிசை விலக்கிக்கொண்டார்கள். படம் எடுத்தவர் அதை மறுத்தார். உண்மை எதுவாயினும், நடுவர்களை உறுத்தியது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அதே போட்டிக்கு, பனியிலும் மழையிலும் மாதக்கணக்காகக் காத்திருந்து, மங்கலான உண்மைப் படங்களை அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

நட்டம் அங்கேதான் இருக்கிறது. பொய் தன்னளவில் நின்றுவிடுவதில்லை, அது அளவுகோலாகிவிடுகிறது. பொய்யான படம் சுவரில் தொங்கும்வரை, உண்மையான படம் தன்னைப் பார்த்து வெட்கப்படும். மூன்று நாள் மழையில் குந்தியிருந்து, நேர்மையாகப் பெற்ற ஒன்றை, என் பேத்தி அழிக்கப்போனாள். ஏன்? அதை அவள் என்னுடைய களவோடு ஒப்பிட்டாள். ஒப்பிடும்படி செய்தவன் நான்.

நம் வீடுகளில்

வாசகர்களே, இது வண்ணத்துப்பூச்சியோடு முடிகிற காரியமா?

வெளிநாட்டுக்குப் போன பிள்ளை ஒருவன், பிறருடைய காரில் சாய்ந்து நின்று எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்புகிறான். தாய் தகப்பன் கவலைப்படக்கூடாது என்பதே அவன் எண்ணம். நல்ல எண்ணம்தான். அந்தப் படம் அயல்வீட்டுக்கும் போகிறது. அங்கே இன்னொரு தாய், உணவுச்சாலையில் கோப்பை கழுவி உழைத்து ஒழுங்காகப் பணம் அனுப்பும் தன் மகனை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். “அவன் எப்பிடி இருக்கிறான், பார், எங்கடை பெடியன்...” என்று அவள் தொடங்கும்போது, நேர்மையான ஓர் உழைப்பு அவள் கண்முன்னே சிறுமைப்பட்டுப்போகிறது.

வேறொருவர் செய்துகொடுத்த ஒப்படையைத் தன்னுடையதென்று கொடுத்து அதிக புள்ளி பெறுகிறான் ஒரு மாணவன். தானே செய்து 60 புள்ளி எடுத்த பிள்ளை வீட்டில் ஏச்சு வாங்குகிறான். கடன்பட்டு ஆடம்பரமாக நடந்த ஒரு கலியாணம், கடன்படாமல் எளிமையாக நடந்த இன்னொரு கலியாணத்தை ஊர் வாயில் போடுகிறது. எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பொய்ப்படமும் எங்கோ ஓர் உண்மைப்படத்தை அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எது சரி, எது பிழை என்று எப்படி அறிவது? எனக்குக் கிடைத்த அளவுகோல் எளிமையானது. படத்தின் கீழ், அது எடுக்கப்பட்ட விதத்தை முழுதாக ஒரு வரியில் எழுதமுடியுமா? “மூன்று நாள் காத்திருந்து எடுத்தது” என்று எழுதலாம். “எருக்கலை நட்டு வரவழைத்தேன்” என்று எழுதலாம். “விளக்கத்துக்காகச் சேர்த்து வரைந்தது” என்று எழுதலாம். “ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இது நாடாத பூவில் இருத்தி எடுத்தது” என்று எழுத என் கை வருமா? வராது என்றால், படத்தில் பிழை இருக்கிறது. எழுதக் கூசுகிற வரி எதுவோ, அதிலேதான் பொய் குடியிருக்கிறது.

வானத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது நான் கேட்ட நேரத்தில் வெளிக்கவில்லை என்ற கோபம். ஆனால் எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நான் குளிரவைத்த பூச்சியைப் பூவில் வைத்த அந்தக் காலை, பத்து நிமிடம் வெயில் வந்ததென்று சொன்னேன் அல்லவா? அதே பத்து நிமிடத்தில், அதே கிணற்றடியில், நான் அதைப் பிடிக்காமல் விட்டிருந்தால், அது தானாகவே செட்டையை விரித்திருக்கும். நான் வேண்டியதெல்லாம் எனக்குக் கிடைக்க இருந்தது. இன்னும் ஓர் இரவு பொறுத்திருக்கவேண்டும்; அவ்வளவே. நம்முடைய களவுகளிற் பல, அடுத்த நாள் நமக்குத் தானாக வரவிருந்ததை முதல்நாள் எடுக்கிற களவுகள்தானோ என்று இப்போது எண்ணுகிறேன்.

இப்போது சுவரில்

பேத்தியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அழிக்காதை, பிள்ளை” என்றேன். பிறகு நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். போத்தலையும் சொன்னேன், குளிர்சாதனப் பெட்டியையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:

“பிறகு அந்தப் பூச்சிக்கு என்ன நடந்தது, அம்மப்பா?”

நான் அதற்கு என்ன சொல்வேன்? தூறல் தொடங்கியதும் கமெராவைக் காப்பாற்ற ஓடினேன் என்று சொன்னேனே. அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரைகுறையாகச் சூடேறிய உடலோடு, ஒளிவதற்கு இடமில்லாத ஒரு பூவின்மேல், மழையில் அதை விட்டுவிட்டு வந்தேன். பறந்துபோய்த் தப்பியதோ, விழுந்து எறும்புக்கு இரையாகியதோ, தெரியாது. எட்டுப் படங்கள் எடுத்தவன் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

“எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் பாக்கேல்லை” என்றேன்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்முடைய பிழையைப் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். குறைந்தது உண்மைதான், அன்று மாலைவரை அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் இல்லாத தகுதிக்காக அவள் தந்திருந்த மதிப்பு எனக்குரியதன்று. அதைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? இராச் சாப்பாட்டின்போது அவளே வந்து, “நாளைக்கு வெயில் எறிக்குமோ?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை எனக்குத் தெரிந்திருந்தது. “தெரியாது, இருந்து பாப்பம்” என்றேன்.

இப்போது எங்கள் விறாந்தையில் இரண்டு படங்கள் அருகருகே தொங்குகின்றன. பழைய படத்தைக் கழற்றி எறிந்துவிடலாமென்று முதலில் எண்ணினேன். எறிவதும் மறைப்பதுதான் என்று தோன்றியது. ஆகையால் அதன் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில், எழுதக் கூசிய அந்த வரியை எழுதி ஒட்டினேன். பக்கத்தில், செட்டை கிழிந்த பூச்சி, நீர்த்துளி, சேறு, பழைய வாளி. அதன் கீழே பேத்தி தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: “மழை விட்டபிறகு, எங்கள் கிணற்றடி.”

வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் பழைய படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அதுதான் அழகு. பிறகு கீழே குனிந்து வரியை வாசிக்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் என்னைப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போகிறார்கள்.

அன்பான வாசகர்களே, இனி ஒரு மாரிநாளில், மழை விட்டு மெல்லிய வெயில் விழும்போது, பிள்ளைகளோடு வளவுக்குள் இறங்கிப் பாருங்கள். வாய்க்கால் ஓரத்திலோ வேலியடியிலோ ஒரு சருகு மயிலாக விரியக்கூடும். விரியாமலும் போகக்கூடும். விரிந்தால் படம் எடுங்கள். விரியாவிட்டால், “இன்று விரியவில்லை” என்று பிள்ளைக்கு உள்ளபடி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதுவும் ஒரு நல்ல நாள்தான்.